வளைந்து வரும் காற்று

வெசாக் போயா கழிந்து சில நாளில் நல்லதண்ணிக்குப் போனால் ஊர் வேறு மாதிரி இருக்கும். டிசெம்பர் போயாவிலிருந்து இரவெல்லாம் விழித்திருந்த கடைத்தெருவில் கொட்டில்களைப் பிரித்திருப்பார்கள். சிவனொளிபாத மலைப் படிகள் நெடுக மணி கோத்ததுபோல் எரிந்த விளக்குகள் இருக்காது. மலையே தெரியாது, மூட்டம்தான் தெரியும். "சீசன் முடிஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டு, அம்மாமார் இடுப்பில் படங்கு கட்டிக் கொழுந்து பறிக்கப் போய்விடுவார்கள்.

போயா எல்லா மாதமும் வருகிறது. அப்படியிருக்க, மலை ஏறும் காலம் டிசெம்பரில் தொடங்கி மே மாதத்தோடு ஏன் முடிகிறது? மே மாதக் கடைசியில் நம் பக்கம் தென்மேல் பருவக்காற்று வந்துவிடுகிறது. மழையும் மூட்டமும் சறுக்கும் படிகளும் அட்டைகளும் அதோடு வருகின்றன.

அந்தக் காற்று புறப்பட்ட இடம் பூமத்திய ரேகைக்கு அந்தப் பக்கம், தெற்கு இந்து சமுத்திரத்தில் இருக்கிறது. அங்கே அது தென்கிழக்கிலிருந்து வீசுகிறது. நம்மிடம் வரும்போது தென்மேற்கிலிருந்து வீசுகிறது. நடுவழியில் அதைத் திருப்பிவிட்டது யார்?

முதலில் காற்று ஏன் நகர்கிறது என்று பார்ப்போம். தேத்தண்ணிக்கு வைத்த கேத்தலின் ஆவி மேலே போவதுபோல, சூடான காற்று மேலே எழும். பூமத்திய ரேகைப் பக்கம் வெயில் நேராக விழுவதால் அங்கே காற்று சுமார் 15 கிலோமீட்டர் உயரம் வரை எழுந்து, வடக்கும் தெற்குமாகப் பிரிந்து போகிறது. ஏறத்தாழ 30 பாகையில் கீழே இறங்குகிறது. இறங்கும் காற்றில் மேகம் கட்டாது. சகாராவும் அரேபியப் பாலைவனமும் அந்த வட்டாரத்தில் கிடப்பதற்கு இது பெரிய காரணம். இறங்கிய காற்று தரையையும் கடலையும் ஒட்டி மீண்டும் பூமத்திய ரேகையை நோக்கி வருகிறது.

பூமி சும்மா நின்றால் இந்தக் காற்று நேர் வடக்கிலிருந்தும் நேர் தெற்கிலிருந்தும் வீசும். பூமி நிற்கவில்லையே! அதன் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர். அதை 24 மணித்தியாலத்தால் வகுத்துப் பாருங்கள். பூமத்திய ரேகையில் உள்ள இடம் மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே ஓடுகிறது. நல்லதண்ணியும் கிட்டத்தட்ட அதே வேகத்தில்தான் ஓடுகிறது. 30 பாகையில் வட்டம் சிறியது என்பதால் அங்கே வேகம் சுமார் 1,450. துருவத்தில் பூச்சியம்.

இப்போது தெற்கிலிருந்து காற்று பூமத்திய ரேகையை நோக்கி வருகிறது. அதனிடம் இருப்பது தெற்கின் குறைந்த வேகம். வடக்கே வர வர அடியிலுள்ள கடல் அதைவிட வேகமாகக் கிழக்கே ஓடுவதால், காற்று மேற்கே பின்தங்குகிறது. அதுதான் தென்கிழக்குக் காற்று. வழியெல்லாம் கடலோடு உரசி உரசிக் கடலின் வேகத்தை மெல்லப் பெற்றுக்கொள்கிறது. ரேகையைத் தாண்டி நம் பக்கம் நுழைந்ததும் நிலைமை தலைகீழாகிறது. இங்கே வடக்கே போகப் போகக் கடலும் தரையும் மெதுவாக ஓடுகின்றன, காற்றோ வேகமாக வந்திருக்கிறது. ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்கியவர் பஸ் போகும் பக்கமே நாலு அடி ஓடுவாரே, அதுபோலக் காற்றும் கிழக்கே முந்திப் போகிறது. அப்படி வலப்பக்கம் வளைந்து, தென்மேற்கிலிருந்து வந்து நம் மலையில் மோதுகிறது.

1735இல் இந்த விளக்கத்தை முதலில் எழுதியவர் ஜோர்ஜ் ஹாட்லி. அவர் லண்டனில் வழக்கறிஞர். வானிலையில் அவ்வளவு ஆசை. அவருடைய கணக்கு முழுமையானதல்ல. நூறு வருடம் கழித்து, 1835இல், சுழலும் பொருட்களுக்கான சரியான கணக்கைப் பிரான்சின் கொரியோலிஸ் எழுதினார். அதனால்தான் இந்தத் திருப்பத்துக்கு அவர் பெயர்.

நீங்களே செய்து பார்க்கலாம். பழைய கலண்டர் அட்டையை வட்டமாக வெட்டி நடுவில் குண்டூசி குத்துங்கள். ஒருவர் அட்டையை மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றட்டும். மற்றவர் அடிமட்டத்தை அசையாமல் பிடித்து, நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடு இழுக்கட்டும். அடிமட்டம் நேராகத்தான் இருந்தது, ஆனால் அட்டையில் கோடு வலப்பக்கம் வளைந்திருக்கும்! மறுபக்கம் சுற்றினால் இடப்பக்கம் வளையும். அதுதான் தென் அரைக்கோளம்.

சூறாவளியைச் சுழலவைப்பதும் இதே திருப்பம்தான்: நடுவை நோக்கி ஓடிவரும் காற்று வலப்பக்கம் விலகி, நடுவைத் தவறவிட்டுச் சுற்றிவருகிறது. 1978 நவம்பரில் மட்டக்களப்பைக் குலைத்த சூறாவளியும் மணிக்கூட்டு முள்ளுக்கு எதிராகச் சுழன்றதே.

சரி, மே மாதம் வரை தென்மேல் காற்று ஏன் காத்திருக்கிறது? ஏப்ரல் முதல் வாரத்தை ஒட்டி ஒரு நாள் நடுப்பகலில் வெளியே நின்று பாருங்கள். உங்கள் நிழல் காலடிக்குள் ஒளிந்துகொள்ளும், சூரியன் நேர் உச்சியில் இருப்பான். பிறகு அவன் வடக்கே நகர்கிறான், வட இந்தியா கொதிக்கிறது. காற்று மேலெழும் பட்டையும் கூடவே வடக்கே போகிறது. அது இழுக்கிற இழுப்பில்தான் தெற்குக் காற்று ரேகையைத் தாண்டி வருகிறது. டிசெம்பரில் சூரியன் தெற்கே இருப்பான். அப்போது வடக்கிலிருந்து வரும் காற்று வலப்பக்கம் வளைந்து வடகீழ்க் காற்றாகிறது. அது பதுளைப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு நம்மிடம் காய்ந்து வருவதால் மலை தெளிந்து நிற்கிறது.

மே மாதத்துக் காற்றோ கடல் ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்து, 2,243 மீட்டர் உயர மலையில் ஏற வேண்டியிருக்கிறது. ஏறும் காற்று ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 10 பாகை செல்சியஸ் குளிரும். குளிர்ந்தால் ஆவி மேகமாகும், மழையாகும். வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்வது இதனால்தான். அம்பாந்தோட்டையில் பெய்வது ஏறத்தாழ 1,000.

மழையை இங்கே இறக்கிவிட்ட காற்று ஊவாப் பக்கம் இறங்கும்போது மறுபடி சூடாகிறது. ஈரம் போய்விட்டதால் காய்ந்த காற்றாக இறங்குகிறது. கிழக்கே மட்டக்களப்பு வரை அது கச்சான் காற்று. (நாம் கொறிக்கும் கச்சானோடு பெயரில் மட்டும்தான் ஒற்றுமை.)

எனக்கு மிகப் பிடித்த சாட்சி தேயிலை. காய்ந்த காற்றில் கொழுந்து மெதுவாக வளரும், வாசம் கூடும். ஊவாத் தேயிலை ஜூலை முதல் செப்டெம்பர் வரை மணக்கிறது. மஸ்கெலியாவும் அடங்கிய நம் டிம்புலத் தேயிலைக்கோ ஜனவரி முதல் மார்ச் வரைதான் நல்ல காலம். ஒரே தீவு, ஒரே செடி. காற்று மலையின் எந்தப் பக்கத்தில் காய்கிறதோ அந்தப் பக்கம் வாசம். கொழும்பில் தேயிலையைச் சுவைத்து விலை சொல்பவர்கள் உண்மையில் காற்றின் திசையையும் சுவைக்கிறார்கள்!

நல்லதண்ணியிலிருந்து மஸ்கெலியாவுக்குப் போகும் வழியில் மவுசாகலை நீர்த்தேக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. வறண்ட காற்று நீண்ட நாள் வீசி நீர்மட்டம் இறங்கினால் பழைய கோவில் வெளியே தெரியும். தாத்தா, பாட்டிமார் கரையில் நின்று கை காட்டுவார்கள். தென்மேல் மழை வலுத்தால் நீர் நிறைந்து, வான்கதவு திறக்கும் செய்தி வரும். ஓகஸ்ட்டில் அந்த வழியாகப் போனால் கோவிலைத் தேடாதீர்கள். அதை மூடி நிற்கும் தண்ணீரில் பூமத்திய ரேகைக்கு அந்தப் பக்கத்துக் கடலும் கலந்திருக்கிறது.