பனி பெய்யாத ஊரிலிருந்து பனிவண்டி ஓட்ட வந்தவர்கள்

பிளாட்பாரத்தில் பார்சல் ஏற்றிய தள்ளுவண்டியை நகர்த்துவதைப் பார்த்திருப்பீர்கள். நாலு பேர் குனிந்து, காலை அழுத்தி ஊன்றி, மூச்சைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளுவார்கள். வண்டி முதலில் அசையாது. பிறகு முனகும். அதன் பிறகுதான் உருளும்.

எங்கள் பார்சல் ஆபீசில் பாரம் ஏற்றும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். அவர் அடிக்கடி சொல்வார்: "மொதத் தள்ளுக்குக் காலு போதும் சார். ஆனா வண்டி ஓட ஆரம்பிச்சப்புறம் திருப்புறதுக்குப் பழகுன கை வேணும். அது இல்லன்னா வண்டி நம்ம மேலயே ஏறிரும்."

மணிக்கு 130 கிலோ மீட்டர் வேகத்தில் பனிக்கட்டிப் பாதையில் பாயும் "பாப்ஸ்லெட்" என்ற பனிவண்டிக்கும் இதே நியாயம்தான். அதை உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது கற்றுக்கொண்டவர்கள், ஜமைக்கா தீவைச் சேர்ந்த நாலு இளைஞர்கள். 1988-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் கனடா நாட்டின் கால்கரி நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் அவர்கள் கவிழ்ந்த கதை பலருக்குத் தெரியும். கவிழ்ந்த பிறகு நடந்ததுதான் பலருக்குத் தெரியாது.

அது என்ன வண்டி?

பாப்ஸ்லெட் வண்டிக்கு என்ஜின் இல்லை. சக்கரமும் இல்லை. மூக்கு நீண்ட தொட்டி போன்ற உடல்; அதன் அடியில் எஃகுச் சறுக்குச் சட்டங்கள். நாலு பேர் ஏறும் வண்டி, ஆட்களையும் சேர்த்து 630 கிலோ வரை இருக்கலாம்.

மலைச் சரிவில் கால்வாய் போல் ஒரு பாதை கட்டி, அதன் மேல் பனிக்கட்டி உறைய வைத்திருப்பார்கள். கால்கரியில் இருந்த பாதை ஏறத்தாழ ஒன்றரை கிலோ மீட்டர் நீளம். 14 வளைவுகள். மேலிருந்து கீழே வந்து சேர ஒரு நிமிடம் கூட ஆகாது.

தொடக்கத்தில் நாலு பேரும் முள் வைத்த பூட்சுடன், வண்டியைத் தள்ளிக்கொண்டே சுமார் 50 மீட்டர் ஓடுவார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக உள்ளே தாவி உட்கார வேண்டும். முன்னால் இருப்பவர் ஓட்டுநர். அவர் கையில் இரண்டு கயிறுகள். அவற்றை இழுத்துத்தான் வண்டியைத் திருப்ப வேண்டும். கடைசியில் இருப்பவர் பிரேக் பிடிப்பவர். நடுவில் இருக்கும் இருவருக்கும், தள்ளி முடித்த பிறகு, தலையைக் குனிந்து ஆடாமல் உட்காருவதுதான் வேலை.

வெற்றி தோல்வியை நொடியில் நூறில் ஒரு பங்கு கணக்கில் அளப்பார்கள். தொடக்கத் தள்ளலில் ஒரு கணம் பின்தங்கினாலும் அந்த நஷ்டம் கீழே போய்ச் சேர்வதற்குள் பெருகிவிடும். ஆகவே வேகமாக ஓடும் கால் வேண்டும். ஜமைக்காவுக்கு வழி திறந்தது இந்த இடத்தில்தான்.

தெருவண்டியில் பிறந்த யோசனை

ஜமைக்காவில் கைவண்டிப் பந்தயம் பிரசித்தம். சந்தையில் சாமான் விற்கும் கைவண்டியை மலைச் சாலையில் உருட்டிவிட்டு அதில் ஏறிப் பாய்வார்கள். அங்கே அமெரிக்கத் தூதரகத்தில் வர்த்தக அதிகாரியாக இருந்த ஜார்ஜ் பிட்ச் என்பவரும், வியாபாரியான வில்லியம் மலோனியும் அதைப் பார்த்தார்கள். "இது பாப்ஸ்லெட் போலவே இருக்கிறதே! இந்த ஊரில் வேகமாக ஓடுகிறவர்களுக்கும் பஞ்சமில்லையே" என்று அவர்களுக்குத் தோன்றியது.

முதலில் ஓட்டப் பந்தய வீரர்களிடம் போனார்கள். யாரும் முன்வரவில்லை. அடுத்து ராணுவத்தின் கதவைத் தட்டினார்கள். 1987-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆள் தேர்வு நடந்தது.

அப்படித் தேர்வானவர்களில் ஒருவர் டட்லி ஸ்டோக்ஸ். ராணுவத்தில் கேப்டன், ஹெலிகாப்டர் ஓட்டுபவர். இன்னொருவர் டெவன் ஹாரிஸ். கிங்ஸ்டன் நகரின் ஏழைப் பகுதியில் வளர்ந்து, இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் படித்து லெப்டினன்ட் ஆனவர். 1988-ல் சியோல் நகரில் நடக்க இருந்த கோடைக்கால ஒலிம்பிக்கில் ஓட வேண்டும் என்பது அவர் கனவு. மூன்றாமவர் மைக்கேல் ஒயிட். அந்தத் தொடக்க நாட்களில் இருந்த சாமுவேல் கிளேட்டன், ரெயில்வேயில் வேலை பார்த்தவர். ஆம், நம் இலாகாக்காரர்!

இவர்களில் ஒருவரும் அதுவரை பாப்ஸ்லெட்டில் ஏறியவர்கள் அல்ல. ஒலிம்பிக்குக்கு இருந்ததோ ஐந்து மாதம்.

ஒரு நாளைக்கு மூன்று நிமிடம்

ராணுவ முகாமில் சக்கரம் வைத்த வண்டியைக் காங்கிரீட் தரையில் தள்ளிப் பழகினார்கள். பிறகு அமெரிக்காவில் லேக் பிளாசிட், கனடாவில் கால்கரி, ஆஸ்திரியாவில் இக்ல்ஸ் என்று பனி இருக்கும் இடமாகத் தேடிப் போனார்கள். அமெரிக்காவுக்காகப் பாப்ஸ்லெட் ஓட்டிய ஹோவர்ட் சைலர் பயிற்சி கொடுத்தார். கையில் பணம் இல்லை. பிட்ச் சொந்தப் பணத்தைப் போட்டார். கால்கரிக்குப் போன பிறகு பனியன் அச்சடித்து விற்றும் செலவைச் சமாளித்தார்கள்.

தள்ளுவதைக் காங்கிரீட்டில் பழகலாம். ஓட்டுவதைப் பழக முடியாது. அதற்குப் பனிப் பாதைதான் வேண்டும். இங்கே ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தடவை இறங்கினால் ஒரு நிமிடம். பிறகு வண்டியை மேலே கொண்டுவர வேண்டும். முறைக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு நாளில் மூன்று தடவை இறங்கினால், நாள் முழுவதும் குளிரில் நின்றதற்குக் கிடைக்கும் பழக்கம் மூன்றே நிமிடம்! முப்பது நாள் போனால் ஒன்றரை மணி நேரம்.

ஐரோப்பிய ஓட்டுநர்கள் ஆண்டுக்கணக்கில் இந்த நிமிடங்களைச் சேர்த்து வைத்திருந்தார்கள். எந்த வளைவில் எப்போது கயிற்றை இழுக்க வேண்டும் என்பது அவர்கள் கையில் ஊறியிருந்தது. ஸ்டோக்சுக்கு எல்லாம் கணக்குப் பார்த்து யோசித்துச் செய்ய வேண்டியிருந்தது. அந்த வேகத்தில் யோசிக்க ஏது நேரம்?

ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இது புரியாத சங்கதி அல்ல. இந்த ஊர் ஸ்டேஷனில் நான் வந்து இறங்கிய நாளில் மூட்டை தூக்கத் தோள் இருந்தது. கணக்கு எழுத விரல் இருந்தது. "இது எங்கே போகிற வண்டி?" என்று கேட்க மொழி இல்லை. கால் முதலில் வந்துவிடுகிறது. நாக்கும் கையும் பின்னால் மெதுவாகத்தான் வருகின்றன.

கால்கரியில் நடந்தது

முதலில் இருவர் வண்டிப் போட்டி. ஸ்டோக்சும் ஒயிட்டும் இறங்கினார்கள். 41 வண்டிகளில் 30-ஆவது இடம். ஐந்து மாதத்துக்கு முன் பாப்ஸ்லெட்டே அறியாதவர்களுக்கு அது சாதாரணமல்ல.

அத்துடன் நின்றிருக்கலாம். அவர்கள் நாலு பேர் வண்டியிலும் இறங்கத் தீர்மானித்தார்கள். கைவசம் இருந்த ஆட்களில் ஒருவருக்குக் காயம். டட்லியின் தம்பி கிறிஸ் ஸ்டோக்ஸ், அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த ஓட்டக்காரர், அண்ணனின் போட்டியைப் பார்ப்பதற்காகக் கால்கரி வந்திருந்தார். அவரையே அணியில் சேர்த்துவிட்டார்கள். சில நாள் பழக்கத்தோடு ஒலிம்பிக்கில் இறங்கினார் தம்பி.

விளையாட்டின் மானத்தை வாங்க வந்தவர்கள் என்று முணுமுணுத்தவர்களும் அப்போது உண்டு. கூட்டமோ இவர்களைக் கொண்டாடியது. ஆனால் அந்தக் கொண்டாட்டத்தில் வேடிக்கை பார்க்கும் குணமும் கலந்தே இருந்தது.

பிப்ரவரி 28. மூன்றாவது ஓட்டம். நாலு பேரும் தள்ளினார்கள். எப்பேர்ப்பட்ட தள்ளு! அந்தச் சுற்றின் மிக வேகமான தொடக்கங்களில் அது ஏழாவது. பரம்பரையாகப் பனியில் வாழும் நாட்டவர்கள் பலர் அவர்களுக்குப் பின்னால்.

கால் கொடுத்த வேகத்தைக் கையால் சமாளிக்க முடியவில்லை. ஒரு வளைவில் வண்டி சுவரின் உயரத்துக்கு ஏறியது. அடுத்த கணம் கவிழ்ந்தது. நாலு பேரின் தலைக்கவசமும் பனிச் சுவரில் உராய, வண்டி தலைகீழாகவே வெகு தூரம் சறுக்கிப் போய் நின்றது.

கூட்டம் வாயடைத்து நின்றது. பிறகு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். யாருக்கும் பெரிய காயம் இல்லை. வண்டியின் பக்கத்திலேயே முடிவுக் கோடு வரை நடந்தார்கள். இரு பக்கமும் நின்றவர்கள் கை தட்டினார்கள். கை நீட்டிக் குலுக்கினார்கள். நாலாவது ஓட்டத்தில் அவர்கள் இறங்கவில்லை. பட்டியலில் அவர்கள் பெயருக்கு நேரே "போட்டியை முடிக்கவில்லை" என்ற குறிப்பு மட்டுமே.

சினிமா நிறுத்திய இடம்

1993-ல் இந்தக் கதை "கூல் ரன்னிங்ஸ்" என்ற பெயரில் ஆங்கிலப் படமாக வந்தது. படத்தில் நாலு பேரும் கவிழ்ந்த வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். தியேட்டரில் கண்ணீர் வரும். உண்மையில் யாரும் தோளில் தூக்கவில்லை. அவ்வளவு கனமான வண்டியைத் தூக்கி நடப்பது எப்படி என்று எங்கள் பார்சல் ஆபீசில் கேட்டால் சிரிப்பார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம், கை தட்டலோடு படம் முடிந்துவிடுகிறது. டட்லி ஸ்டோக்ஸ் அத்துடன் முடித்துக்கொள்ளவில்லை. கை தட்டியவர்கள் வீடு போய்விட்டார்கள். அவர் மறுபடி பனிக்குப் போனார். மறுபடி ஒரு நாளைக்கு ஒரு சில நிமிடம். 1992-ல் பிரான்சில் ஆல்பர்ட்வில் ஒலிம்பிக்கில் இறங்கினார். 1994-ல் நார்வேயில் லில்லேஹாமர் ஒலிம்பிக் வந்தது.

இந்தத் தடவையும் ஓட்டுநர் டட்லிதான். தம்பி கிறிஸ்சும் உடன் இருந்தார். நாலு ஓட்டத்தையும் கவிழாமல் முடித்தார்கள். கிடைத்த இடம் 14. அமெரிக்க வண்டி அவர்களுக்குப் பின்னால்! பாப்ஸ்லெட் என்ன என்று இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த நாட்டையே முந்திவிட்டார்கள். கவிழ்ந்ததற்கும் இதற்கும் நடுவில் ஆறு வருஷம். டட்லி 1998-லும் இறங்கினார். மொத்தம் நாலு ஒலிம்பிக்.

பின்னால் வந்தவர்கள்

அந்த வழியில் பிறகு வேறு சிலரும் வந்தார்கள். நைஜீரியாவுக்காக 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தடை தாண்டி ஓடிய சியூன் அடிகுன் என்ற பெண், பழகுவதற்குத் தானே மரத்தில் ஒரு வண்டி செய்துகொண்டார். இரண்டு தோழிகளைச் சேர்த்துக்கொண்டு 2018-ல் கொரியாவின் பியோங்சாங் ஒலிம்பிக்குக்குப் போனார். கடைசி இடம்தான். ஆனால் ஒலிம்பிக்கில் பாப்ஸ்லெட் ஓட்டிய முதல் ஆப்பிரிக்க அணி அது.

நம் நாட்டிலும் ஒருவர் உண்டு. மணாலிப் பக்கத்து சிவ கேசவன். அவருடையது பாப்ஸ்லெட் அல்ல. அதன் தம்பி என்று சொல்லத்தக்க "லூஜ்". சிறு பலகையில் மல்லாந்து படுத்து, காலை முன்னே நீட்டியபடி சறுக்க வேண்டும். தனி ஆள். 1998-ல் ஜப்பானின் நாகானோ ஒலிம்பிக்குக்குப் போனபோது வயது 16. வண்டியோ இரவல். ஊரில் பனிப் பாதை இல்லாததால் வண்டிக்குச் சக்கரம் மாட்டி, லாரிகள் ஓடும் இமயமலைச் சாலையில் பழகினார். 2018 வரை ஆறு ஒலிம்பிக்கில் போட்டியிட்டார்.

அண்ணாச்சி கேட்ட கேள்வி

புதிதாக வந்தவன் விழுந்தால் உலகம் கை தட்டும். அது இரக்கக் கை தட்டல். அதை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடலாம். பேசிக்கொள்ள ஒரு கதையும் மிஞ்சும். அதன் பிறகும் தங்கி, யாரும் பார்க்காத நாட்களில் நிமிடம் நிமிடமாகப் பழகுகிறவனுக்குக் கை தட்டல் குறைவு. 1988-ல் கவிழ்ந்ததை ஊரெல்லாம் சொல்கிறது. 1994-ல் 14-ஆவதாக வந்ததை எத்தனை பேர் சொல்கிறார்கள்?

போன வாரம் ராத்திரி டூட்டியில், வண்டி லேட்டான நேரத்தில், இந்தக் கதையை அண்ணாச்சிக்குச் சொன்னேன். கவிழ்ந்த இடம் வந்தபோது "அடடா" என்றார். கை தட்டிய இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. பீடியை அணைத்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்:

"அது சரி சார், அடுத்த தடவ திருப்பிட்டாம்லா?"

"ஆறு வருஷம் கழித்துத் திருப்பிவிட்டார், அண்ணாச்சி" என்றேன்.

"அப்பம் கை பழகிருச்சு" என்று சொல்லிவிட்டு, வந்து நின்ற வண்டியை நோக்கி எழுந்து போனார்.