மொழியியல் பட்டப்படிப்பு: பேச்சைப் பிழையென்பது யார்?

மொழியியல் இளங்கலையின் தொடக்கப் பாடங்களுள் ஒன்று: இலக்கணமற்ற பேச்சுவழக்கு என எதுவும் இல்லை. சேரிப் பேச்சைக் 'கொச்சை' என்று இகழும் வகுப்பறைகளைக் கடந்து வந்த நமக்கு இது சான்றாதாரம்.

1979இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில், கறுப்பினக் குழந்தைகளுக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கில் மொழியியலாளர் வில்லியம் லபோவ் சாட்சியமளித்தார். அக்குழந்தைகளின் வீட்டுமொழி தனக்கென விதிகள் உடையது என்பதை ஏற்ற நீதிமன்றம், வாசிக்கக் கற்பிக்கையில் ஆசிரியர்கள் அதைக் கணக்கில் கொள்ள வழிசெய்யுமாறு பள்ளி நிர்வாகத்துக்கு ஆணையிட்டது. வழக்கறிஞரின் வாதம் மட்டும் இதைச் சாதித்திராது. வழக்காடும் நாங்கள் இதை நன்கறிவோம்.

தமிழ்நாட்டில் இத்துறை பெரும்பாலும் முதுகலையிலேயே தனிப் பட்டமாகக் கிடைக்கிறது. இளங்கலையில் தமிழ், ஆங்கில இலக்கியம் பயிலும் தோழர்கள் தம் பாடத்திட்டத்திலுள்ள மொழியியல் தாளைத் தேர்வோடு மறந்துவிட வேண்டாம்.