அலை சொல்லும் ஆழம்

அத்திப்பட்டு ரயில் நிலையத்தில் நீங்கள் நின்றிருக்கிறீர்களா? சரக்கு வண்டி கடக்கும்போது காலடியில் அதிர்வு தெரியும். அதில் பெரும்பகுதி தரையின் மேற்பரப்பை ஒட்டியே பரவுகிறது. பூகம்பத்திலும் இத்தகைய மேற்பரப்பு அலைகள் எழுகின்றன. இவற்றில் ஒரு வகையை 1885இல் ராலே பிரபுவும், மற்றொரு வகையை 1911இல் லவ் என்ற கணித அறிஞரும் கணக்கிட்டுக் காட்டினர். இருவரும் இங்கிலாந்து நாட்டவர்.

மனிதன் பூமியில் செங்குத்தாகத் துளைத்த மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலாவில் உள்ளது. அதன் ஆழம் சுமார் 12 கிலோமீட்டர்தான். நாம் வாழும் புவி ஓடோ அதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு தடிமன் உடையது. பிறகு அதன் அடிப்பகுதியை அறிவது எப்படி?

ராலே அலை, தன் அலைநீளத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஆழத்திலுள்ள பாறையால்தான் மிகுதியும் பாதிக்கப்படுகிறது. ஒரு கணக்குப் போடுவோம். அலைவு நேரம் 20 வினாடி. வேகம் வினாடிக்கு 3.5 கிலோமீட்டர். எனவே அலைநீளம் 70 கிலோமீட்டர். அது எட்டும் ஆழம் சுமார் 23 கிலோமீட்டர். அலைவு நேரம் 40 வினாடியானால், அலை ஓட்டைத் தாண்டி மூடகத்தையே தொட்டுவிடும். ரயில் எழுப்பும் அலையோ சில மீட்டர் ஆழத்தோடு சரி!

ஆழத்துப் பாறை இறுக்கமானது. அதில் அலை விரைந்து ஓடும். ஆகவே நீண்ட அலைகள் முந்தி வரும். குறுகியவை பிந்தி வரும். முப்பட்டகம் வெள்ளொளியை நிறங்களாகப் பிரிப்பது போன்றதே இது. இரண்டு பதிவு நிலையங்களுக்கு இடையே ஒவ்வோர் அலையும் சென்ற வேகத்தை அளந்தால், இடையிலுள்ள ஓட்டின் தடிமனைக் கணிக்கலாம். ஓடு தடித்திருந்தால் அலை தாமதமாகும். பூகம்ப அலைகளை ஆராய்ந்தவர்கள், கர்நாடகத்தின் கிழக்கே ஓடு சுமார் 35 கிலோமீட்டர் என்றும், மேற்கே 40 கிலோமீட்டருக்கும் மேல் என்றும் கண்டுள்ளனர்.

இதனால் நமக்கென்ன பயன்? 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரி அருகே கடலடியில் பூகம்பம் நிகழ்ந்தது. சென்னையிலும் கட்டடங்கள் அதிர்ந்தன. அத்தகைய பூகம்பம் எங்கே, எந்த ஆழத்தில் தோன்றியது என்று சரியாகக் கூற, இடையிலுள்ள பாறைகளில் அலை செல்லும் வேகம் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்குப் பூகம்பம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. கடல் அலைகள் ஓயாமல் நிலத்தை மிக மெல்ல அதிரச் செய்கின்றன. இரு நிலையங்களில் பல மாதங்கள் பதிவான இந்த 'இரைச்சலை' ஒப்பிட்டே, அவற்றுக்கிடையே அலை சென்ற வேகத்தைக் கண்டறிகிறார்கள். அடுத்த முறை எண்ணூர்க் கடற்கரையில் நிற்கும்போது நினைத்துப் பாருங்கள்: உங்கள் முன்னே மோதும் அலைகளும் பூமிக்குள் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கின்றன!