பேரியல் பொருளியல் சிந்தனை வளர்ச்சியும் கடைமடைக் காரைக்காலும்

முன்னுரை

சிக்கனம் நற்பண்பு என்பதில் ஐயமில்லை. வருவாயில் ஒரு பகுதியைச் சேமிக்கும் குடும்பம் நலிவுறுவதில்லை. ஆயின், ஊரிலுள்ள எல்லாக் குடும்பங்களும் ஒரே திங்களில் தத்தம் செலவைப் பாதியாகக் குறைத்துக்கொண்டால் என்ன நேரும்? துணிக்கடையில் விற்பனை குறையும். கடைக்காரர் பணியாளரை நிறுத்துவார். வேலை இழந்தவர் செலவை மேலும் சுருக்குவார். இறுதியில், சேமிக்க முனைந்தவர்களின் வருவாயே குறைந்துபோகும். தனி ஒருவருக்குப் பொருந்தும் உண்மை சமுதாயம் முழுமைக்கும் அப்படியே பொருந்துவதில்லை என்பது இதனால் புலனாகிறது. இவ்வேறுபாட்டை ஆராயும் துறையே பேரியல் பொருளியல். நுண்ணியல், பேரியல் என்னும் பாகுபாட்டை 1933-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு அறிஞர் ராக்னர் ஃப்ரிஷ் தம் ஆய்வில் எடுத்தாண்டார். பெயர் புதிது, சிந்தனை பழையது. அச்சிந்தனை வளர்ந்த வரலாற்றையும், காவிரியின் கடைமடையில் அமைந்த காரைக்காலுக்கும் அதற்கும் உள்ள தொடர்பையும் இக்கட்டுரையில் காண்போம்.

முன்னோர் கண்ட உண்மைகள்

அரசு திரட்டும் வரிக்கும் நாட்டின் வளத்துக்கும் உள்ள உறவைச் சங்கச் சான்றோர் நன்கு உணர்ந்திருந்தனர். பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் பாடிய புறநானூற்றுப் பாடல் இதற்குச் சான்றாகும். சிறுநிலத்து நெல்லாயினும் அறுத்துக் கவளமாக ஊட்டினால் யானைக்குப் பல நாள் உணவாகும். யானை தானே வயலுட் புகுந்தால் உண்பதினும் மிதித்து அழிப்பதே மிகுதியாகும் என்பது அப்புலவர் கூறும் உவமை. வரி கொள்ளும் முறை விளைவையே அழித்துவிடலாகாது என்பது அதன் கருத்து.

தூனிஸ் நகரில் 1332-இல் பிறந்த அறிஞர் இப்னு கல்தூன், 1377-இல் எழுதிய ‘முகத்திமா’ என்னும் நூலில் இக்கருத்தை மேலும் விரிவாக ஆராய்ந்தார். ஓர் அரசின் தொடக்கக் காலத்தில் வரிவிகிதம் குறைவு, வருவாய் மிகுதி. அதன் இறுதிக் காலத்தில் வரிவிகிதம் மிகுதி, வருவாய் குறைவு என்று அவர் கண்டார். அதனினும் நுட்பமான கருத்தொன்றும் அந்நூலில் உண்டு. நாட்டின் மிகப் பெரிய சந்தை அரசேயாகும்; ஆட்சியாளர் பணத்தைச் செலவிடாது முடக்கினால் ஏனைய சந்தைகளும் வாடும்; அதனால் வரி வருவாயும் குறையும் என்பது அவர் கொள்கை. ஐந்நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் மேலைநாட்டார் பெரிதும் விவாதித்த ஒன்றை அவர் அன்றே தொட்டுக் காட்டியுள்ளார்.

பிரெஞ்சு அறிஞர் இருவர்

காரைக்காலைத் தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் 1739-இல் பெற்றனர். அடுத்த இருபதாண்டுகளுக்குள், பிரெஞ்சு அரசவை மருத்துவரான ஃப்ரான்சுவா கெனே 1758-இல் ‘பொருளாதார அட்டவணை’யை வெளியிட்டார். உடலில் குருதி சுற்றிவருவதுபோல, உழவர், நிலக்கிழார், கைவினைஞர் ஆகிய மூவரிடையேயும் செல்வம் சுற்றிவருவதை அவர் அதில் வரைந்து காட்டினார். ஒருவர் செலவு மற்றொருவர் வருவாய் என்னும் அடிப்படை உண்மை அவ்வட்டவணையில் தெளிவு பெற்றது.

மற்றொரு பிரெஞ்சு அறிஞரான ழான் பாத்திஸ்த் சே, 1803-இல் எழுதிய நூலில், உற்பத்தியே தனக்குரிய தேவையைப் படைத்துக்கொள்ளும் என்னும் பொருள்படக் கூறினார். பொருளை விற்றவர் அப்பணத்தைக் கொண்டு வேறொன்றை வாங்குவார். ஆதலின் நாடு முழுவதிலும் பொருள் தேங்க வழியில்லை என்பது அவ்விதியின் சாரம். நூறாண்டுகளுக்கு மேலாக இவ்விதியே பெரும்பாலான பொருளியலாரின் நம்பிக்கையாக விளங்கியது.

பெருமந்தமும் தஞ்சைத் தரணியும்

அந்நம்பிக்கையைத் தகர்த்தது 1929-இல் தொடங்கிய உலகப் பெருமந்தம். சென்னை மாகாணத்தில் நெல்விலை சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. நெல் குறையாது விளைந்தும் உழவர் கடனில் மூழ்கியது ஏன்? நிலவரியும் வட்டியும் பணத்தால் வரையறுக்கப்பட்டிருந்தன. முன்பு ஒரு மூட்டை விற்றுக் கட்டிய தொகையைக் கட்ட இப்போது இரண்டு மூட்டை விற்க வேண்டியதாயிற்று. பர்மாவில் கடன் கொடுத்திருந்த செட்டியார்களிடம், கடனைத் திருப்ப இயலாதவர்களின் நிலங்கள் வந்து சேர்ந்தன. 1930-இல் கீழ்ப்பர்மாவின் முதன்மை நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த அவர்தம் நிலவுடைமை, அப்பத்தாண்டின் இறுதிப்பகுதியில் கால்பங்காக உயர்ந்தது. பிரிட்டன் 1931 செப்டம்பரில் தங்கத் திட்டத்தைக் கைவிட்ட பின், இந்தியக் குடும்பங்கள் விற்ற நகைகள் தங்கமாகக் கப்பலேறின.

காரைக்காலின் நிலை தனித்தன்மை வாய்ந்தது. ஆட்சி பிரெஞ்சு ஆட்சி. வழங்கிய பணமோ ரூபாய். 1875-இல் நிறுவப்பட்டுப் புதுச்சேரியில் கிளை கொண்டிருந்த இந்தோசீன வங்கி, ரூபாய்த் தாள்களை வெளியிட்டு வந்தது. அந்த ரூபாயின் மதிப்பு 1927-இல் ஒரு ஷில்லிங் ஆறு பென்சு என்று பிரித்தானிய இந்திய அரசால் உறுதிசெய்யப்பட்டது. ரூபாயின் மதிப்பை இவ்வாறு உயர்த்தி வைத்தது விளைபொருள் விலையைத் தாழ்த்தியது என்று வணிகர் பலர் முறையிட்டனர். உழவர் கடனைக் குறைக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1938-இல் வந்தது. பிரெஞ்சு எல்லைக்குள் அச்சட்டம் செல்லாது. விலைவீழ்ச்சி எல்லை தாண்டி வந்தது. நிவாரணம் எல்லையோடு நின்றது.

கீன்சும் இந்தியாவும்

இப்பெருமந்தத்துக்கு விளக்கம் தந்தவர் ஜான் மேனார்டு கீன்ஸ். அவர் 1906 முதல் 1908 வரை லண்டனிலிருந்த இந்திய அலுவலகத்தில் பணிபுரிந்தவர். அவருடைய முதல் நூலே 1913-இல் வெளிவந்த ‘இந்திய நாணயமும் நிதியும்’ என்பது நம்மவர் அறிந்து மகிழத்தக்கது. எனினும், அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை.

1936-இல் வெளியிட்ட ‘பொதுக் கோட்பாடு’ என்னும் நூலில் அவர் சேயின் விதியை மறுத்தார். மக்கள் சேமிப்பது அனைத்தும் முதலீடாக மாறும் என்பதற்கு உறுதியில்லை. அவ்வாறு மாறாதபோது மொத்தத் தேவை குறைந்து, உழைக்க விரும்புவோர்க்கும் வேலை கிட்டாது. அந்நிலையில் அரசு முன்வந்து செலவிட வேண்டும் என்றார். அச்செலவு பன்மடங்காகப் பெருகும் என்பதைப் ‘பெருக்கி’ என்னும் கருத்தால் விளக்கினார். அரசு 1,000 ரூபாய் கூலி தருகிறது என்று கொள்வோம். பெற்றவர் 800 ரூபாயைச் செலவிடுவார். அதனைப் பெற்ற வணிகர் 640 ரூபாயைச் செலவிடுவார். இவ்வாறு தொடர்ந்தால் மொத்த வருவாய் 5,000 ரூபாயாகும்.

காஞ்சியில் பிறந்த அறிஞரின் மறுப்பு

காஞ்சிபுரத்தில் 1908-இல் பிறந்து கேம்பிரிட்ஜில் பயின்ற வி.கே.ஆர்.வி. ராவ், இந்திய நாட்டு வருமானத்தைக் கணக்கிட்ட முன்னோடிகளுள் ஒருவர். அவர் 1952-இல் எழுதிய கட்டுரையில், பெருக்கி இந்தியா போன்ற நாடுகளில் கீன்ஸ் கூறியவாறு இயங்காது என்று வாதிட்டார். மேலைநாட்டில் மந்தக் காலத்தில் ஆலைகள் உறங்கிக் கிடந்தன. தேவை எழுந்தால் உடனே இயங்கும். இந்தியாவிலோ பெரும்பாலோர் சிறுநிலத்தையும் குடும்பத் தொழிலையும் நம்பி வாழ்வோர். கையில் பணம் மிகும்போது அவர்கள் முதலில் நாடுவது உணவை. உணவு விளைச்சலோ நீரையும் பருவத்தையும் சார்ந்தது. ஆதலின் பெருகுவது விளைவன்று, விலையே என்பது அவர் முடிவு. ஆசிரியர் கூறியதை மாணவர் தம் மண்ணில் வைத்துச் சோதித்த சிறப்பை இங்குக் காண்கிறோம்.

பணவீக்கமும் புதிய கொள்கைகளும்

பிலிப்ஸ் என்பார் 1958-இல், பிரிட்டனில் வேலையின்மை குறையும்போது கூலி விரைந்து உயர்வதைக் காட்டினார். சற்றே பணவீக்கத்தை ஏற்றால் வேலைவாய்ப்பைப் பெறலாம் என்று பலர் இதனைப் பொருள்கொண்டனர். மக்கள் விலையேற்றத்தை எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டால் அப்பயன் மறைந்துவிடும் என்று மில்டன் ஃப்ரீட்மன் எச்சரித்தார். 1973-இல் எண்ணெய் விலை உயர்ந்தபோது பல நாடுகளில் வேலையின்மையும் பணவீக்கமும் ஒருங்கே வாட்டின. இந்தியாவிலும் 1974-75-இல் மொத்த விலைகள் ஏறத்தாழ 25 விழுக்காடு உயர்ந்தன.

அரசின் பற்றாக்குறையை மைய வங்கி தானாகவே பணம் அச்சிட்டு ஈடுசெய்யும் வழக்கம் இந்தியாவில் 1997-இல் முடிவுற்றது. அதற்கான உடன்பாடு கண்ட காலத்தில் மைய வங்கியின் ஆளுநராக விளங்கியவர் அரியலூரில் பிறந்த சி. ரங்கராஜன். 2016-இல் பணவீக்க இலக்கு சட்டத்தில் இடம்பெற்று, 4 விழுக்காடு எனவும், அதற்கு மேலும் கீழும் 2 விழுக்காடு வரை பொறுக்கலாம் எனவும் வரையறுக்கப்பட்டது.

காரைக்கால் கற்பிக்கும் பாடம்

2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏறத்தாழ 2 இலட்சம் மக்கள் வாழும் காரைக்காலில் மேற்கூறிய கணக்கைச் செய்து பார்ப்போம். செலவிடும் 800 ரூபாயில் பாதி வெளியூர்ச் சரக்குக்குப் போய்விடுகிறது என்று கொண்டால், உள்ளூரில் தங்குவது 400 ரூபாய். அடுத்த சுற்றில் 160. மொத்த வருவாய் 5,000 ஆகாமல் 1,667 ரூபாய் அளவிலேயே நின்றுவிடும். சிறிய ஊரில் பணம் கசிந்துவிடும் என்பதே இதன் பொருள். வளைகுடா நாடுகளிலிருந்து வரும் பணமும், பிரெஞ்சு அரசு இங்குள்ள முன்னாள் பணியாளர் குடும்பங்களுக்கு வழங்கும் ஓய்வூதியமும் இவ்வாறே கசிகின்றன. ரூபாயின் மதிப்பு குறையும்போது அவற்றைப் பெறும் இல்லங்களில் வரவு கூடுகிறது. அடுத்த வீட்டுக் கூலித்தொழிலாளிக்கோ எண்ணெய் விலைதான் கூடுகிறது. சராசரி வருமானக் கணக்கில் இவ்விரு வீடுகளும் ஒன்றாகிவிடுகின்றன.

கீன்சையும் ராவையும் இணைக்கும் வழியையும் இம்மண்ணே காட்டுகிறது. மேட்டூர் அணை 1925 முதல் 1934 வரை, பெருமந்தக் காலத்தையும் உள்ளடக்கிக் கட்டப்பட்டது. கட்டியபோது பலருக்குக் கூலி தந்தது. கட்டி முடித்தபின் விளைச்சல் தந்தது. வாய்க்கால் தூர்வாரச் செலவிடும் பணமும் அத்தகையது: கூலியாகச் சென்று தேவையை வளர்க்கும், நீராக வந்து விளைவை வளர்க்கும். காவிரி நடுவர் மன்றம் 2007-இல் புதுச்சேரிக்கு ஒதுக்கி, உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதிசெய்த 7 டி.எம்.சி. நீர் காரைக்கால் வயல்களுக்கு உரியது. அது கடைமடை வரை வந்து சேர்ந்தால்தான் ஒதுக்கீடு விளைச்சலாகும்.

முடிவுரை

இப்னு கல்தூன் முதல் இன்றைய மைய வங்கியார் வரை அனைவரும் ஆராய்ந்தது செல்வத்தின் ஓட்டத்தையே ஆகும். ஓட்டம் எங்கே தடைப்படுகிறது, எங்கே கசிகிறது என்று அவர்கள் வினவினர். கடைமடையில் வாழும் நாம் அவற்றோடு மூன்றாவது வினாவொன்றையும் சேர்க்கக் கடமைப்பட்டுள்ளோம். தலைமடை நிறைந்தபின், கடைசி வயலுக்கு எவ்வளவு வந்தது? நாட்டு வருமானம் உயர்ந்தது என்னும் செய்தியைப் படிக்கும் மாணவர்கள் இவ்வினாவைத் தம் தெருவிலும் வயலிலும் எழுப்பி, கணக்கெடுத்து, விடை காண முற்படுவாராக. பொருளியல் கல்வியின் பயன் அதுவே எனலாம்.