முதியோரின் கைப்பிடியும் மறைந்திருக்கும் பட்டினியும்



சென்ற மாதம் வார்டுகளைச் சந்திக்க வந்த பெண்கள் ஐக்கிய சங்கத்தாரில் ஒருவர் என்னிடம், "ஐயா, அந்த சிஸ்டர் வயதான அம்மாவின் கையில் ஏதோ இரும்புப் பிடியைக் கொடுத்து, 'அமுக்குங்க, இன்னும் அமுக்குங்க' என்று சத்தம் போடுகிறார்களே, அது என்ன வைத்தியம்?" என்று கேட்டார். அது ஒரு பரிசோதனை. போதிய ஆகாரமில்லாமல் உடல் தேய்ந்து வரும் முதியவர்களைக் கண்டுபிடிக்க உதவுகிறது என்று நின்றவாக்கிலேயே பதில் சொன்னேன். உங்கள் காணிக்கையால் நடக்கும் வார்டு ஆகையால், இங்கே சற்று விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இருதய பலவீனத்தினால் கால்கள் வீங்கிய நிலையில் 74 வயது அம்மா ஒருவர் பெண்கள் வார்டில் சேர்க்கப்பட்டிருந்தார். நான்கு நாட்கள் அவர் கட்டிலருகே நின்று, கையைப் பிடித்து ஜெபித்தேன். கட்டிலுக்கடியில் சாப்பாட்டுத் தட்டு முக்கால் பங்கு மீதியாக இருந்ததை நான்கு நாளும் பார்த்தேன். நோயில் ருசி இராதுதானே என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். எடையும் 52 கிலோ இருந்தபடியால் வேறு யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஐந்தாம் நாள் டயட்டீஷியன் வந்து அந்தக் கருவியை அமுக்கச் சொன்னார். முள் 9 கிலோவைத் தாண்டவில்லை. உடனே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "வீட்டில் என்னம்மா சாப்பிட்டீங்க?" என்று ஒவ்வொரு வேளையாகக் கேட்டார். இரண்டு மாதமாக உப்பில்லாப் பத்தியமாம். உப்பில்லாத சோறு தொண்டையில் இறங்காமல், காலையிலும் இரவிலும் கஞ்சித் தெளிவை மட்டும் குடித்து வந்திருக்கிறார். மாத்திரைகளால் நீர் வடிந்தபின் அவர் எடை 44 கிலோ. தராசு அதுவரை தண்ணீரையும் சேர்த்து நிறுத்திருந்தது.

கை எப்படி வயிற்றின் நிலையைச் சொல்லும்? ஆகாரம் குறையும்போது உடல் தன் தேவைக்காகத் தசைகளைக் கரைத்து எடுத்துக்கொள்ளுகிறது. ஆனால் தசை மெலிவது கண்ணுக்குத் தெரியுமுன்னரே அதன் வலு குறைந்துவிடுகிறது. தசையின் உயிரணுக்களுக்குள் இருக்கும் சக்தியும் பொட்டாசியம், பாஸ்பேட் போன்ற உப்புகளும் முதலில் குறைவதே இதற்கு ஒரு காரணம். 1980களில் கனடாவின் டொராண்டோ நகரில் டாக்டர் ஜீஜீபாயும் அவரோடு உழைத்தவர்களும் இதை ஆராய்ந்தார்கள். உணவு குறைந்தால் தசையின் வேலைத்திறன் முந்திக் குறைகிறது. உணவு கிடைத்தால், சதை வைக்குமுன்னரே அது திரும்பத் தொடங்குகிறது என்று அவர்கள் கண்டார்கள்.

மற்ற அளவுகளுக்கு முதியவர்களிடத்தில் பல இடையூறுகள் உண்டு. எழுந்து நிற்க முடியாதவரை எப்படி நிறுப்பது? முதுகு கூனியவரின் உயரத்தை எப்படி அளப்பது? முன்பெல்லாம் இரத்தத்தில் அல்புமின் குறைந்தால் சத்துக்குறைவு என்று முடிவு செய்வார்கள். நோய்க்கிருமியோ அழற்சியோ இருந்தாலே அது குறைந்துவிடும் என்பதால், இப்போது அதை அப்படி நம்புவதில்லை. கையோ, படுத்தவரிடமும் எட்டக்கூடியது. 2012இல் அமெரிக்க உணவியலாளர் அமைப்புகள் சத்துக்குறைவுக்கு ஆறு அடையாளங்களைக் குறித்தபோது, கைப்பிடி பலக் குறைவையும் அவற்றில் ஒன்றாகச் சேர்த்தார்கள். ஆறில் இரண்டாவது இருந்தால்தான் சத்துக்குறைவு என்பது அவர்கள் விதி. ஆகவே கைப்பிடி மாத்திரம் தீர்ப்புச் சொல்லுவதில்லை.

கருவியின் பெயர் டைனமோமீட்டர். எங்களிடமுள்ளது எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவது. மின்சாரமும் பாட்டரியும் வேண்டாம். நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கையை உடலோடு ஒட்டி செங்கோணமாக மடக்கி, கட்டைவிரல் மேலே இருக்கும்படி பிடித்து, மூன்று விநாடி முழுப் பலத்தோடு அமுக்க வேண்டும். சற்று இளைப்பாறவிட்டு, ஒவ்வொரு கையிலும் மும்முறை செய்து, மிக அதிகமான அளவைக் குறித்துக்கொள்ளுகிறோம். சிஸ்டர் சத்தம் போட்டதன் காரணம் இதுதான்: உற்சாகப்படுத்தாவிட்டால் பல முதியவர்கள், அதிலும் தாய்மார், கருவி உடைந்துவிடும் என்று பயந்து மெதுவாகவே பிடிக்கிறார்கள்.

எத்தனை கிலோ இருந்தால் போதும்? 2019இல் ஆசிய நாடுகளின் நிபுணர் குழு, ஆண்களுக்கு 28, பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழே போனால் பலக்குறைவு என்றது. ஐரோப்பியக் குழுவின் எல்லை 27உம் 16உம். இந்த எண்கள் வயது முதிர்வினால் வரும் தசைத் தேய்வுக்காக வகுக்கப்பட்டவை. பட்டினியை அளப்பதற்கென்று வகுத்தவை அல்ல. மேலும், தெற்காசியரின் கைப்பிடி பொதுவாகவே மற்றப் பல நாட்டாரைவிடக் குறைந்தது என்று பல நாடுகளில் எடுத்த அளவுகள் காட்டுகின்றன. எங்கள் பக்கத்துக் கிராமத்து விதவைத் தாய்மாரில் நன்றாக உண்டு நடமாடுகிறவர்களே 18ஐத் தொடாமல் போகலாம். ஆகையால் எண்ணைப் பார்த்துப் பெயர் சூட்டாமல், குறைவு கண்டவுடன் உட்கார்ந்து விசாரிக்க வேண்டும் என்பதே என் எண்ணம். அந்த டயட்டீஷியன் இழுத்துப் போட்ட ஸ்டூலை நான் கருவியைவிடப் பெரிதாகவே மதிக்கிறேன்.

கை தவறான சாட்சி சொல்லும் இடங்களும் உண்டு. மூட்டுவாதம், பக்கவாதம், டிரிப் ஊசி ஏறிய கை, சித்தம் கலங்கிய நிலை ஆகியவற்றில் பிடி தளர்வதற்குப் பட்டினி காரணமாயிராது. தொழுநோயினால் நரம்பு கெட்ட கைகளும் அப்படியே. டாக்டர் பால் பிராண்ட் 1940களின் பிற்பகுதியில் வேலூரில் அத்தகைய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கியதைப் பழைய நண்பர்கள் அறிவீர்கள். அன்று குணமடைந்து இன்று முதுமையை எட்டியவர்களை இந்தக் கருவியால் அளந்து பயனில்லை. தட்டைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, கண்டுபிடித்தபின் ஆகாரம் கொடுத்தால் பலன் உண்டா? சுவிட்சர்லாந்தில் எட்டு மருத்துவமனைகளில் சத்துக்குறைவு அபாயமுள்ள சுமார் 2,000 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வழக்கமான சாப்பாடும், மற்றதற்கு ஆளுக்கேற்பத் திட்டமிட்ட உணவும் கொடுத்தார்கள். 2019இல் முடிவு வெளியாயிற்று. 30 நாட்களுக்குள் முதல் பிரிவில் நூற்றுக்குப் பத்துப் பேர் மரித்தார்கள். இரண்டாவதில் ஏழு பேர். பின்னர் அதே ஆய்வின் விவரங்களைத் திரும்பப் பார்த்தபோது, கைப்பிடி தளர்ந்தவர்களே உணவுத் திட்டத்தினால் அதிக நன்மை அடைந்ததாகத் தெரிந்தது. மருந்து ஒன்று இவ்வளவு செய்தால் எவ்வளவு விளம்பரம் செய்வார்கள்!

அந்த அம்மாவுக்கு என்ன செய்தோம்? உப்பைக் குறைத்தபடியே எலுமிச்சை, சீரகம், மல்லி சேர்த்து ருசி உண்டாக்கினார்கள். மூன்று பெரிய வேளைகளை ஆறு சிறு வேளைகளாக்கினார்கள்: அவித்த முட்டை, பால், குழைத்த பருப்புச் சாதம், பல் இல்லாதபடியால் மசித்த சுண்டல். எடுத்த எடுப்பில் அளவைக் கூட்டவில்லை. நெடுநாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்து வரும். ஆகையால் இரத்தத்தைப் பார்த்துப் பார்த்தே கூட்டினார்கள்.

இங்கே சந்திப்புக்கு வருகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். நீங்கள் அன்பாகக் கொண்டுவரும் ரொட்டியையும் ஹார்லிக்ஸையும் சிஸ்டரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள். சர்க்கரை நோயாளிக்கும் சிறுநீரக நோயாளிக்கும் அளவு வேறு. கட்டிலுக்கடியில் மீதித் தட்டைக் கண்டால், என்னைப்போல் கடந்துபோகாமல் சிஸ்டரிடம் சொல்லுங்கள். சாப்பாட்டு நேரத்தில் வந்தால், ஊட்டிவிட ஆளில்லாத ஒருவரின் பக்கத்தில் உட்காரலாம். வார்டில் எப்போதும் கை போதாத வேலை அதுதான்.

ஆறு வாரம் கழித்து அந்த அம்மா மகளோடு மறுபரிசோதனைக்கு வந்தார். எடை 45 கிலோதான். "அம்மா இன்னும் தேறவேயில்லையே" என்று மகள் குறைபட்டுக்கொண்டார். கருவி 12 காட்டியது. அம்மாவோ அதைப்பற்றிக் கவலைப்படவில்லை. குழாயடியிலிருந்து அரைக்குடம் தண்ணீர் தானே தூக்கி வருவதாக என்னிடம் இரண்டு தரம் சொன்னார்.