புலமைப்பரிசில் முடியட்டும் என்று வேட்டைப்பல் காத்திருக்காது

"ஸ்கொலசிப் முடியட்டும், பிறகு பார்ப்பம்." பல் மிதந்தோ நெருங்கியோ வருகிற பிள்ளையைப் பற்றி மட்டக்களப்பில் பெற்றோரிடம் பேசினால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான். புலமைப்பரிசில் முடிந்தால் தரம் 6, அதன் பின் ரியூசன், பிறகு சாதாரண தரம். கடைசியில் பிள்ளையை அழைத்துச் செல்லும்போது வயது 16 ஆகியிருக்கும். பல்லுக்குக் கம்பி போட அது பிந்திய வயதல்ல. ஆனால் 10 வயதில் ஒரு எக்ஸ்ரேயோடும் ஒரு பால்பல்லைப் பிடுங்குவதோடும் சரிவந்திருக்கக்கூடிய விடயம், 16 வயதில் சத்திரசிகிச்சையும் இரண்டு வருடக் கம்பியுமாக மாறியிருக்கலாம்.

இதற்கு நல்ல உதாரணம் மேல் வேட்டைப்பல். முன்வரிசையில் கடைசியாக, 11 அல்லது 12 வயதில் முளைக்கும் பல் அது. பிள்ளைக்கு 10 வயதாகும்போது மேலுதட்டை உயர்த்தி முரசின் வெளிப்பக்கத்தை விரலால் தடவினால், இரு பக்கமும் ஒரு சிறு மேடு தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் அந்தப் பல் அண்ணத்தின் பக்கம் திசைமாறிப் போகிறதா என்று எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். நூற்றுக்கு ஒருவர், இருவருக்கு இப்படி நடக்கிறது. அந்த நேரத்தில் மேலே நிற்கும் பால் வேட்டைப்பல்லை எடுத்துவிட்டாலே பல பிள்ளைகளில் நிரந்தரப் பல் தானாக வழிக்கு வந்துவிடும். விட்டுவிட்டால் எலும்புக்குள்ளேயே கிடக்கும். சிலவேளை பக்கத்து முன்பல்லின் வேரையும் அரித்துவிடும். தரம் 5 மாணவரின் வயதும் அந்த 10தான்.

அதற்கு முன்னரே ஒரு தவறு நடந்துவிடுகிறது. "விழுகிற பல்தானே" என்று சூத்தைப் பால்பல்லைக் கவனிக்காமல் விடுவதைத்தான் சொல்கிறேன். பால் கடைவாய்ப்பற்கள் 10, 12 வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. கீழிருந்து வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பது அவைதான். ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலேயே, பின்னால் ஒரு புதிய கடைவாய்ப்பல் முளைக்கிறது. அது நிரந்தரப் பல் என்பது பல வீடுகளில் தெரிவதில்லை. முன்னால் நிற்கும் பால்பல்லை ஏழு வயதில் சூத்தையால் இழந்தால், இந்தப் புதிய பல் அந்த வெற்றிடத்துக்குள் சாய்ந்துவிடும். பிறகு வரும் பல்லுக்கு இடமில்லை, அது வெளியே தள்ளி முளைக்கும். நெருக்கமான பற்கள் எல்லாமே பரம்பரை அல்ல. சில டொபியால் வந்தவை.

இந்தக் கட்டத்துக்கென்றே நம் நாட்டில் ஒரு சேவை இருக்கிறது. கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்தின் உதவியோடு 1950களில் தொடங்கிய பாடசாலைப் பற்சிகிச்சைச் சேவை, 3 முதல் 13 வயது வரையான பிள்ளைகளைப் பார்க்கிறது. பால்பல்லை அடைப்பதும், தேவையானவர்களை வைத்தியசாலைப் பல் வைத்தியரிடம் அனுப்புவதும் அங்கேயே நடக்கும். அங்கிருந்து பற்சீரமைப்பு நிபுணரிடம் போகலாம். அரச வைத்தியசாலையில் கட்டணம் இல்லை. ஆனால் நிபுணர்கள் குறைவு, காத்திருக்கும் வரிசை நீளம். அந்த வரிசையில் 10 வயதில் பெயர் கொடுப்பதும் 16 வயதில் கொடுப்பதும் ஒன்றல்ல.

எல்லாவற்றுக்கும் பதறவும் வேண்டாம். 8, 9 வயதில் மேல் முன்பற்களுக்கு இடையே இருக்கும் இடைவெளி, வேட்டைப்பல் வந்ததும் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். விரல் சூப்புவதும் நாலு, ஐந்து வயதுக்குள் நின்றுவிட்டால் பிரச்சினையில்லை. ஆனால் கீழ்ப்பல் மேல்பல்லுக்கு முன்னால் கடிக்கிறது என்றால் உடனே காட்ட வேண்டும். கழற்றிப் போடும் சிறு பிளேற் ஒன்றே சில மாதங்களில் அதைச் சரிசெய்துவிடக்கூடும்.

மேல்பல் மிகவும் மிதந்த பிள்ளை விழுந்தால் முதலில் உடைவது அந்தப் பல்தான். இவர்களுக்கு 10 முதல் 13 வயதுக்குள், உடம்பு வேகமாக வளரும் காலத்தில், கீழ்த்தாடையை முன்னே நிறுத்திக் கடிக்கவைக்கும் இரட்டைப் பிளேற் கொடுப்பார்கள். தாடை பெரிதாக வளர்ந்துவிடும் என்று எதிர்பார்க்கக்கூடாது. மாற்றத்தில் பெரும்பங்கு பற்கள் சரிவதால் வருவது. பிளேற்றைப் பைக்குள் வைத்துவிட்டுப் பாடசாலை போகிற பிள்ளைக்கு அதுவும் வராது.

ஒட்டும் கம்பி பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு வருடம். பல்லில் மெல்லிய அழுத்தம் தொடர்ந்து விழும்போது ஒரு பக்கத்து எலும்பு கரைந்து மறுபக்கத்தில் புதிதாக உருவாகிறது. மாதத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர்தான் நகரும். இறுக்கி விட்டால் சீக்கிரம் முடியாது, வேர்தான் பாதிக்கப்படும். இடம் போதாவிட்டால் நல்ல பல் இரண்டோ நான்கோ எடுக்கச் சொல்வார்கள். மேல் பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போகும் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பது இங்கேதான். பல்லுக்குப் போகும் நரம்பும் பார்வை நரம்பும் வேறு வேறு. அப்படி எதுவும் நடக்காது.

கம்பி போட்டிருக்கும் காலத்தில் வாவி நண்டின் காலைப் பல்லால் உடைப்பதும், கச்சான், முறுக்கு, கரும்பு கடிப்பதும் நிறுத்த வேண்டும். நண்டுச் சதையை எடுத்துக் கொடுத்தால் சாப்பிடலாம்.

உண்மையான சிக்கல் நாலு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை கிளினிக் போவதுதான். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் பாதைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. என்றாலும் படுவான்கரையின் உட்கிராமத்திலிருந்து பிள்ளையோடு நகரத்துக்கு வருவது ஒரு தாய்க்கோ தகப்பனுக்கோ ஒரு நாள் கூலி. பாதியில் நிறுத்தினால் கம்பி போடாததைவிட மோசம்: பார்வையில்லாமல் பற்கள் நகரும், கம்பியைச் சுற்றிச் சூத்தை பிடிக்கும். எத்தனை தடவை வரவேண்டும், கம்பி கழன்றால் யாரிடம் போவது என்று தொடங்குமுன்னரே கேளுங்கள். வளைகுடாவுக்கு வேலைக்குப் போக விசா பார்த்துக்கொண்டிருப்பவர் இப்போது தொடங்காமல் இருப்பதே நல்லது.

பெரியவர்களுக்கும் கம்பி போடலாம், நாற்பதிலும் ஐம்பதிலும் கூட. வயதைவிட முரசும் எலும்பும்தான் முக்கியம். வெற்றிலை போடுபவர்கள் முதலில் முரசு நோயைக் குணப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் நகர்த்தும் பல் ஆடத் தொடங்கும். தாடையே முன்பின்னாக இருந்தால், வளர்ச்சி நின்ற பிறகு கம்பியோடு சத்திரசிகிச்சையும் தேவைப்படும். 1990களின் இறுதியில் வந்த, கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்ரிக் உறைகள் நாளில் 20 மணித்தியாலத்துக்கு மேல் போட்டால்தான் வேலை செய்யும். செலவும் அதிகம். எதுவானாலும், இலங்கை மருத்துவ சபையில் பதிந்த பல் வைத்தியர்தானா என்று பாருங்கள். முகநூலில் விலை போட்டு விற்கும் 'பாஷன் கிளிப்' சிகிச்சை அல்ல.

கம்பி கழற்றிய அன்று ஒரு மெல்லிய பிளேற் தருவார்கள். முரசின் நார்கள் பல்லைப் பழைய இடத்துக்கே இழுக்கும் என்பதால், முதல் மாதங்களில் சொன்னபடியும் பிறகு பல வருடங்களுக்கு இரவிலும் அதைப் போட வேண்டும். கழுவக் கொதிநீர் வேண்டாம், உருமாறிவிடும். சாப்பிடும்போது கழற்றிக் கடதாசியில் சுற்றி வைத்தால் குப்பையோடு போய்விடும். ஒரு டப்பா கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.