வயர் அறுவது பொருத்தில்தான்



உங்கள் வீட்டில் பழுதாகிப்போன சார்ஜர் வயர்களை எடுத்துப் பாருங்கள். நடுவில் அறுந்த வயர் ஒன்றாவது இருக்கிறதா? அநேகமாக இராது. போனில் செருகும் முனையிலிருந்து ஒரு விரலளவு தூரத்துக்குள்தான் தோல் வெடித்து, உள்ளே இருக்கும் சிறு வயர்கள் எட்டிப் பார்க்கும். மின்னழுத்தியின் வயரும் தையல் மெசினின் கால்மிதி வயரும் இப்படியே பொருத்தில்தான் பழுதாகின்றன. இதற்கான காரணத்தை அறிந்துகொண்டால், கொஞ்ச நூலைக் கொண்டே அந்த வயரின் ஆயுளைக் கூட்டலாம்.

ஒரு வயரின் பெறுமதி

சமூகப் பணியாளராக வன்னிக் கிராமங்களில் வீடு வீடாகச் செல்பவள் நான். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களில் போன் வகிக்கும் இடத்தை நாளாந்தம் காண்கிறேன். மத்திய கிழக்கில் வேலை செய்யும் மகளின் குரல் அதில்தான் வருகிறது. தைத்துக் கொடுக்கும் உடுப்புகளுக்கான கேள்வியும் அதில்தான் வருகிறது. 2020 இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பிள்ளைகளின் பாடங்களும் அதற்குள்தான் வந்தன. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில், கரண்ட் வந்த கொஞ்ச நேரத்துக்குள் போனுக்குச் சார்ஜ் ஏற்றியாக வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் வயர் பிடிக்காவிட்டால் அன்றைய நாள் போயிற்று.

காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் ஒரு தாய் சொன்னதை மறக்க முடியவில்லை. ஆணைக்குழுக்களுக்கும், பின்னர் 2018 இல் இயங்கத் தொடங்கிய காணாமற்போனோர் பற்றிய அலுவலகத்துக்கும் கொடுத்த படிவங்கள் எல்லாவற்றிலும் ஒரே தொலைபேசி இலக்கத்தைத்தான் அவர் எழுதியிருக்கிறார். "பிள்ளை, எப்பவும் போன் உயிரோட இருக்கவேணும். அவங்கள் எடுக்கிற நேரத்தில இது செத்துக் கிடந்தா நான் ஆரைக் கேக்கிறது?" என்றார். அவருடைய சார்ஜர் வயரோ ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தால் மட்டுமே வேலை செய்தது. இரவில் அதன்மேல் ஒரு கல்லை வைத்துவிட்டுப் படுப்பாராம்.

ஏன் பொருத்தில் அறுகிறது?

வேலி கட்டும்போது கட்டுக்கம்பியை எப்படி முறிப்போம்? ஒரே இடத்தில் பிடித்து இங்குமங்குமாகப் பலமுறை வளைப்போம். அந்த இடம் சூடேறி, இறுகி, பட்டென்று முறியும். வயருக்குள்ளும் இதுவே நடக்கிறது.

சாதாரண சார்ஜர் வயரைப் பிரித்தால் உள்ளே பெரும்பாலும் நான்கு சிறு வயர்கள் இருக்கும். சிவப்பும் கறுப்பும் மின்சாரத்தைக் கொண்டு செல்பவை. பச்சையும் வெள்ளையும் படம், பாட்டு போன்ற தரவுகளுக்கானவை. ஒவ்வொன்றுக்குள்ளும் தலைமயிர் போன்ற செப்பு இழைகள் பல உள்ளன. செருகும் முனை வளையாது, வயர் வளையும். இரண்டும் சேரும் இடத்தில் வளைவு முழுவதும் ஒரு புள்ளியில் விழுகிறது. இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. முதலில் சார்ஜ் ஏறுவது மெதுவாகும். மிஞ்சியிருக்கும் இழைகளில் சூடு பிறக்கும். பிறகு ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தால் மட்டுமே வேலை செய்யும். கடைசியில் அதுவும் நின்றுவிடும்.

ஆகவே நாம் செய்ய வேண்டியது ஒன்றே: ஒரு புள்ளியில் விழும் வளைவை நான்கு சென்ரிமீற்றர் நீளத்துக்குப் பரப்பிவிட வேண்டும்.

நூல் சுற்றும் முறை

வயர் புதிதாக இருக்கும்போதே இதைச் செய்வது நல்லது. போனிலிருந்தும் சுவரிலிருந்தும் வயரைக் கழற்றிவிடுங்கள். தடித்த பருத்தி நூல் ஏறக்குறைய ஒரு மீற்றர் போதும். நூலின் ஒரு முனையை வயர் நீளத்துக்குப் படுக்க வைத்து, அதன்மேலேயே சுற்றத் தொடங்குங்கள். முதற் சுற்று செருகும் முனையின் கெட்டியான பிளாஸ்டிக் பகுதியிலேயே விழ வேண்டும். அங்கிருந்து வயரை நோக்கி 2 சென்ரிமீற்றர் வரை நெருக்கமாகவும் இறுக்கமாகவும் சுற்றுங்கள். அதற்கப்பால் இன்னும் 2 சென்ரிமீற்றர், போகப் போகச் சற்று இளக்கி இடைவெளி விட்டுச் சுற்றுங்கள். கடைசி முனையை ஊசியில் கோர்த்துச் சுற்றுகளின் அடியால் இழுத்து விடுங்கள். நெருக்கமாகச் சுற்றிய பகுதியில் மட்டும் வெள்ளைப் பசையை மெல்லப் பூசிக் காயவிடலாம்.

போகப் போக இளக்குவதில்தான் விடயம் இருக்கிறது. முழுவதையும் கட்டையாக இறுக்கிவிட்டால், கட்டு முடியும் இடம் இன்னொரு பொருத்தாகி, வயர் அங்கே அறும். இன்சுலேசன் ரேப்பைத் தடிப்பாகச் சுற்றிய வயர்கள் சில மாதங்களில் ரேப் முடியும் இடத்திலேயே வெடிப்பது இதனால்தான். எங்கள் வெக்கைக்கு ரேப்பின் பசையும் உருகி வழுக்கும்.

மின்பொருட்கள் விற்கும் கடைகளில் சூட்டுக்குச் சுருங்கும் குழாய் துண்டாகக் கிடைக்கும். செருகும் முனைக்கு மேலால் நுழையக்கூடிய அளவைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண வகை சூடாக்கினால் பாதி அளவுக்குச் சுருங்கும். அப்போதும் வயரில் தளர்வாகவே இருக்கும். ஆகையால் முதலில் நூலைச் சுற்றி, அதன்மேல் குழாயை இழுத்துவிட்டுச் சூடாக்குவது பொருத்தம். லைற்றரைத் தள்ளிப் பிடித்து அசைத்துக்கொண்டே இருங்கள். நெருப்பு வயரில் தொடக்கூடாது.

எழுதித் தீர்ந்த பேனையின் சுருள் கம்பியை மாட்டுவோரும் உண்டு. தோல் வெடிக்காத வயருக்கு அது பரவாயில்லை. ஆனால் சுருளின் கூர்முனை தோலைக் கிழித்தால் இரும்பு உள்ளே தொட்டுவிடும். நூலில் அந்தப் பயம் இல்லை.

போனைத் தொங்க விடாதீர்கள்

பல வீடுகளில் பிளக் சுவரில் உயரத்தில் இருக்கும். கீழே மேசை இராது. போன் வயரிலேயே தொங்கும். அதன் பாரம் முழுவதும் பொருத்தில் விழும். சுவரில் ஓர் ஆணி அடித்து, வலைத்துணியில் மேற்பக்கம் திறந்த ஒரு சிறு பை தைத்து மாட்டுங்கள். போனின் சூடு வெளியேற வேண்டும். தடித்த துணியோ மூடிய பையோ வேண்டாம்.

கழற்றும்போது முனையைப் பிடித்துக் கழற்றுங்கள், வயரை இழுக்காதீர்கள். மடித்து வைக்கும்போது சார்ஜரைச் சுற்றி இறுக்காமல், கிணற்றுக் கயிற்றைச் சுருட்டுவதுபோல அகன்ற வளையமாகச் சுருட்டுங்கள்.

எங்கே கை வைக்கக் கூடாது?

போன் வயரில் வழமையாக ஓடுவது 5 வோல்ற். ஆயினும் உள்ளே செம்பு தெரிந்தால், வயர் சுட்டால், கருகல் மணம் வந்தால் அதை எறிந்துவிடுங்கள். ஒரு பக்கம் வளைத்தால்தான் வேலை செய்யும் என்றால் இழைகள் ஏற்கனவே அறுந்துவிட்டன. நூல் அறுந்ததைப் பொருத்தாது. அந்தத் தாயிடமும் இதைத்தான் சொன்னேன்: புது வயர் வாங்கி, அதற்கு முதல் நாளிலேயே நூல் சுற்றுங்கள்.

மின்னழுத்தி, மோட்டார் பூட்டிய தையல் மெசின், தண்ணீர்ப் பம்பி ஆகியவற்றின் வயரில் ஓடுவது 230 வோல்ற். அது உயிரை எடுக்கும். அங்கே தோல் வெடித்தால் நூலாலும் ரேப்பாலும் மூடி மறைக்காதீர்கள். மின் வேலை தெரிந்தவரைக் கொண்டு பழுதான பகுதியை வெட்டி நீக்கி, புதிதாகப் பூட்டுவியுங்கள். வேலை முடிந்ததும் நீங்களே இரண்டு விடயங்களைக் கேளுங்கள். பிளக்கின் உள்ளே இருக்கும் இறுக்கி, வயரின் வெளித்தோலைக் கவ்விப் பிடித்திருக்கிறதா? பச்சையும் மஞ்சளும் கலந்த நில இணைப்பு வயர் மற்ற இரண்டையும் விடச் சற்று நீளமாக விடப்பட்டிருக்கிறதா? யாராவது தடக்கி இழுத்தாலும் பாதுகாப்புத் தரும் அந்த வயர் கடைசியாகத்தான் கழல வேண்டும்.

நல்ல நிலையிலுள்ள வயருக்கு நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. கால்மிதியின் வயரைப் பொருத்திலிருந்து ஒரு சாண் தள்ளி மெசினின் காலோடு துணிப்பட்டியால் இளக்கமாகக் கட்டுங்கள். கால் தடக்கினால் இழுவை கட்டில் விழும், பொருத்துத் தப்பும். தையற் கடைகளில் மின்னழுத்தியின் வயரை மேலே கயிற்றில் தொங்க விட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதுவும் வயர் துணிமேல் இழுபட்டு முறியாமல் இருப்பதற்கே. ட்றிப் சுவிச்சில் உள்ள பரிசோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். கரண்ட் நிற்காவிட்டால் உடனே ஆளை அழையுங்கள்.

இது யாருடைய வேலை?

"அவர் இருந்திருந்தா இதெல்லாம் பாத்திருப்பார்" என்று சொல்லும் சகோதரிகள் பலர். சமைப்பது பெண்ணுக்கு, வயர் பார்ப்பது ஆணுக்கு என்று எமது சமூகம் வேலையைப் பிரித்து வைத்திருந்தது. யுத்தம் ஆட்களைப் பறித்துவிட்டது. அந்தப் பிரிப்பை மட்டும் வீட்டில் விட்டுச் சென்றது. ஆனால் 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி றேடியோ கேட்டவர்களுள் எங்கள் அம்மாமாரும் இருந்தார்கள். பாய் இழைக்கவும் வலை பொத்தவும் தெரிந்த கைகளுக்கு நான்கு சென்ரிமீற்றர் நூல் சுற்றுவது பெரிய வித்தை அல்ல.

அடுத்த மாதர் சங்கக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு வயரும் கொஞ்ச நூலும் கொண்டு வாருங்கள். அரை மணித்தியாலத்தில் எல்லோரும் சுற்றி முடிக்கலாம். தெரிந்தவர் பக்கத்து வீட்டுக்காரிக்குக் காட்டிக் கொடுங்கள்.